முட்டி வீங்கிய சிலந்தி

பேராசிரியரே, என் மனைவி கொடுத்த சிலந்தியைக் காயவிட்டவர் நீங்கள்தான். காயவிட்ட பிறகு அது வெறும் குஞ்சு என்றீர்கள்.

மட்டாஞ்சேரியில் சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிடங்கில் அவள் அதைப் பிடித்தாள். கடுகளவுதான் இருக்கும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண், இதற்கு ஆறு. அவள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். நான் சுள்ளிக்கலில் ஆட்டோ பழுது பார்ப்பவன். சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிற ஆள். என் தலையைப் பிடித்து நுண்ணோக்கியில் அழுத்தினாள்.

வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள். இரண்டிலும் நடுக்கணு உருண்டு வீங்கியிருந்தது.

"என்னடி, இதுக்கும் மந்தா?" என்றேன். யானைக்கால் நோயை இங்கே மந்து என்போம்.

அவள் சிரித்தாள். "மந்து முட்டியிலதான். நுனியப் பாருங்க, ஊசி மாதிரி நிக்குது. குஞ்சுன்னா நுனிதான் வீங்கியிருக்கும், ஊசி இருக்காது. இது வளந்த ஆம்பளை. இந்த ஊசிய வெச்சுத்தான் இனம் பிரிப்போம். இந்த மாதிரி ஊசிய இதுவரைக்கும் யாரும் எழுதல."

"அப்ப புதுசா பேர் வெக்கணுமே?"

"உங்க பேர வெக்க மாட்டேன், பயப்படாதீங்க."

கிடைத்தது அந்த ஒன்றுதான். அதை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, கீமோ ஏற்றிய கையில் பஞ்சு ஒட்டியபடியே பஸ் ஏறித் திருப்பூணித்துறைக்கு வந்து உங்களிடம் கொடுத்தாள். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் நீங்கள். நீங்கள் பார்த்துச் சரி என்றால்தான் கட்டுரை அனுப்புவேன் என்று காத்திருந்தாள். போன் செய்யும்போதெல்லாம் "நோக்காம் மோளே", பார்க்கலாம் மகளே, என்றீர்கள். காத்திருந்தபடியே செத்துப்போனாள்.

கல்லூரி மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தீர்கள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள், வீக்கத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டாள், அது பருவம் வராத குஞ்சு என்றீர்கள். அந்தத் தப்பைச் செய்யாதே என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவளைப் பற்றி, அவள் மாணவர்கள் முன்னாலேயே சொன்னீர்கள். அவர்களும் தலையாட்டினார்கள்.

மறுநாள் வந்து குப்பியைக் கேட்டு வாங்கினேன். மூடி இறுக்கமாக இல்லை. ஸ்பிரிட் முழுதும் ஆவியாகி, அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கைகள் இரண்டும் பொடிந்துபோயிருந்தன. இன்னொன்று தேடலாம் என்றால் அந்தக் கிடங்கையும் இடித்துவிட்டார்கள். அவள் பார்த்த ஊசியை இனி நான் யாருக்கும் காட்ட முடியாது.

எனக்குத் தனியாக வருத்தம் சொல்ல வேண்டாம். அதே மண்டபத்தில், அதே மாணவர்கள் முன்னால், இந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த வீக்கம் முட்டியிலா, நுனியிலா? அல்லது, குப்பியைத் திறந்தே பார்க்கவில்லையா?