கோடு விழாத கிர்ணிக் கொடி

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நெம்மேலிப் பக்கம் கிர்ணிப்பழம் பயிரிட்டேன். நிலம் என் பள்ளித் தோழனுடையது. கிர்ணிக்குப் பெரிய தொல்லை இலைத்துளைப்பான். கொசுவைவிடச் சின்ன ஈ இலைக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்றுகொண்டு போக, இலைமேல் வெள்ளைக் கோடுகள் நெளிந்து பரவும். பிறகு இலை காய்ந்துவிடும். மருந்தில்லாமல் அதைத் தாங்கி நிற்கும் ரகம் உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை. வரிசைக்கு ஒரு ரகமாக நட்டேன். என்ன ஆனாலும் மருந்து அடிக்கக் கூடாது என்று நண்பனிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு வருடம் எல்லா வரிசையும் கருகியது. மூன்றாவது வருடம் மாசியில் ஏழாவது வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. நான் தங்கியிருந்த படூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டினேன். ஒரு கோடு இல்லை. அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன் செய்தேன். நண்பன் என்னைக் கட்டிப்பிடித்தான்.

அடுத்த வாரம்தான் அந்த வரிசைக்குள் தானாக முளைத்திருந்த தக்காளிச் செடியைக் கவனித்தேன். அந்தப் பூச்சி தக்காளியையும் விடாது. வேலியோரத் தக்காளியெல்லாம் கோடு கோடாக இருக்க, இதில் ஒன்றுகூட இல்லை. நேராக நண்பனிடம் போனேன்.

"மருந்து அடிச்சியா?" என்று கேட்டேன்.

அவன் காலால் மணலைக் கிளறினான். "ஒரு வரிசைக்குத்தான் மச்சான். ரெண்டு வருசமா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வந்துகினு இருந்த. பாக்க முடியல."

"நான் சாருக்குப் போன் பண்ணப்போ பக்கத்துலதானே நின்ன?"

"இன்னா பண்ணச் சொல்ற? நீ அவ்ளோ சந்தோசமா இருந்த."

மருந்து அடித்ததைக்கூட மன்னித்திருப்பேன். நான் இலைகளைப் புரட்டி 'பூஜ்யம், பூஜ்யம்' என்று சொல்லச் சொல்ல, என் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவன் அவன்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டவில்லை. "இந்த வருஷத்தையே விட்டுடுங்க" என்றார். அது திட்டியதைவிட வலித்தது.

அடுத்த தையில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேறு நிலம் பிடித்து, புது ரகங்களை நட்டேன். நான்காவது வரிசை இலைகளில் கோடுகள் தொடங்கி, விரல் நுனி அளவில் நின்றுபோயிருந்தன. உள்ளே புழு செத்துக் கிடந்தது. முழு வெற்றி இல்லை, ஆனால் உண்மை. அதை வைத்துத்தான் என் பட்டம் வந்தது.

அவனுக்கு அதை நான் சொல்லவில்லை. யாரிடமோ கேள்விப்பட்டுப் போன் செய்தான். எடுத்தேன், பேசினேன். இப்போதும் பேசுகிறோம். ஆனால் அவன் எதை நல்லதென்று சொன்னாலும், ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.