காதுக்குள் மட்டும் பாடும் பெட்டி

"நீங்க சேத்த பதினாறாயிரம் பாட்டும் இந்தப் பாட்டுப் பெட்டியில அடங்கிரும், அண்ணாச்சி. ஸ்பீக்கர்தான் கிடையாது, காதுல மாட்டிக் கேக்கணும்" என்றார் கடைக்காரர். எனக்கு அது போதும் என்றேன்.

"அப்ப எனக்குக் கேக்காதுல்லா?" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

சிறுவயதில், தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கே ஒரு ரேடியோதான், எதிர்வீட்டில். சிலோன் பாட்டு கேட்பதற்காகவே அம்மா மாலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்வாள். ஒருநாள் எதிர்வீட்டுக்காரர், "ஏளா, ஓசியிலயா கேக்க?" என்று ஜன்னலைச் சாத்தினார். தலைநிமிராமல் அம்மா, ஆய்ந்து முடித்த மீனையே மறுபடி ஆய்ந்தாள்.

மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஸ்பீக்கர் உள்ள பெட்டியா எடுங்க" என்றேன்.

"அதுல ஆயிரம் பாட்டுதான் அடங்கும், அண்ணாச்சி."

"எந்த ஆயிரம்னு அவ சொல்லட்டும்."