வீட்டிலும் ஒரு லைட் டியூட்டி

என் கணவருக்கு முதுகுவலி வந்தபோது எங்கள் பிளாக்கே வந்து நலம் விசாரித்தது. அவருக்கு மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, லைட் டியூட்டி போடவும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாளே அவரை ஓர் அறையில் உட்காரவைத்து லாக் புக் எழுதச் சொன்னார்கள். அவர் இடத்துக்கு வேறொருவர் போனார்.

சீட்டு மைன்ஸுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அதைக் குவார்ட்டர்ஸிலும் அமல்படுத்தினார். கீழே விழுந்த செய்தித்தாளை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுவார். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், மெத்தை எல்லாம் என் பொறுப்பு. ஆனால் பண்ருட்டிக்குப் போய்வந்தால் மட்டும் முழுப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார். கேட்டால், "அது வேற தசைம்மா" என்பார். அவ்வளவு உடற்கூறு எனக்கு எங்கே தெரியும்?

இப்படியே நாலு வருடம். எனக்கும் முதுகு வலித்தது. சொன்னால், "வயசாவுதில்ல, எதுக்கு அதயே நெனச்சிகினு இருக்க?" என்பார். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

போன மாதம் சமுதாயக் கூடத்தில் எலும்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள். நான் அவருக்குத் துணையாகத்தான் போனேன். பை தூக்க ஆள் வேண்டுமே. வரிசையில் நின்ற பாவத்துக்கு என் குதிகாலையும் மெஷினில் வைத்தார்கள். அவருடைய எலும்பு கருங்கல்லாம். என்னுடையதைப் பார்த்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எலும்பு ரொம்பத் தேஞ்சிருக்கும்மா. கனம் தூக்கும்போது தடுக்கி விழுந்தா இடுப்பு முறிஞ்சிடும். மாத்திரை எழுதறேன். தெனம் கொஞ்சம் வெயில்ல நடங்க. பால், கேழ்வரகு சேத்துக்குங்க. கீழ எதையாவது எடுக்கணும்னா முதுக வளைக்காம முட்டிய மடக்குங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. "எனக்கும் லைட் டியூட்டி எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "யார் பேருக்கும்மா எழுதறது?"

பக்கத்தில் நின்ற என் வீட்டு மனிதரைக் காட்டினேன். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதியே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். மைன்ஸ் மேனேஜர்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"சரிதான். ஆனா ரீப்ளேஸ்மென்ட் ஆள் இல்லாம எப்படி ரிலீஸ் பண்றது?"

துவைத்த போர்வைகள் ஒரு பக்கெட் நிறைய, ஈரத்தோடு குளியலறையில் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவரே உள்ளே போய்ப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். ஒரே கையில். இடுப்பைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

பார்த்துச் சிரித்திருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. நாலு வருடமாக நான் சுமந்ததெல்லாம் அந்தக் கைக்கு ஒரு பாரமே இல்லை.