மச்சான் மாற்றச் சொன்ன பக்கம்

ராத்தாவை, அதாவது என் அக்காவை, கல்யாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மீன் கறியின் நடுத்துண்டு அவருக்குப் போனது. அதற்கு முன்னர் அது எனக்கு வந்துகொண்டிருந்தது. உம்மா யோசித்துச் செய்ததல்ல. அகப்பை தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பியது. நான் வால் துண்டைத் தின்றுகொண்டு, வால் துண்டுதான் ருசி என்று சொல்லப் பழகினேன். முறைப்படி அவருக்கும் நான் மச்சான்தான். ஆனால் வீட்டில் யாராவது "மச்சான்" என்றால் அது அவர். நான் வெறும் தம்பி.

எங்கள் ஊர்களில் வீடு பெண் பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார்; ஆண் பிள்ளை ஒருநாள் இன்னொரு வீட்டுக்குப் போவான். இதைத் தெரிந்தே வளர்ந்ததால் வீட்டின் மேல் எனக்கு ஆசை இருக்கவில்லை. என் ஆசை வேறொன்றில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரம் சித்தியடைந்து கெம்பசுக்குப் போனவன் நான். வாப்பா கதவும் நிலையும் யன்னலும் செய்கிற ஓடாவி. தன் பெயரை மட்டும் எழுதுவார், அதையும் பலகையில் கோடு கீறுவதுபோல மெதுவாக. அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தால் உடைக்காமல் எனக்காக எடுத்து வைப்பார். மரம் ஏற்றுவதற்கான பெர்மிட்டை நான்தான் நிரப்ப வேண்டும். எழுத்து என்று வந்தால் அந்த வீட்டில் அது என் காணி. வாப்பாவின் கதவுக் கடையின் இணையத்தளமும் அந்தக் காணிக்குள்தான் இருந்தது.

அதை நான் செய்தது சுனாமிக்குப் பிறகு. கடல் வந்து போனபின், மருதமுனையில் எங்கள் பட்டறை நின்ற இடத்தில் அரைச் சுவரும் பலகை சீவுகிற வாங்கு ஒன்றின் காலும் மிஞ்சியிருந்தன. அன்று காலை பட்டறைக்குள் யாரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வளவுகளில் அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் குறைவு. பிறகு எங்கு பார்த்தாலும் வீடு கட்டினார்கள். வீடென்றால் கதவு வேண்டும். ஊர் அழுதுகொண்டிருந்த காலத்தில் வாப்பாவுக்கு ஓய்வில்லாத வேலை வந்தது. அதைச் சந்தோசம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிவாரண அமைப்பொன்று தகரக் கொட்டகைக்குள் கணினி வகுப்பு நடத்தியது. நான் மூன்று மாதம் போனேன். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு இணையத்தளம் செய்து காட்ட வேண்டும். நான் வாப்பாவின் கடையைச் செய்தேன். மேலே "நல்வரவு" என்று பெரிய எழுத்து. கீழே இரண்டு கதவுகளின் படம், முதிரை மரத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு பந்தி, தொலைபேசி இலக்கம். இலவசமாக இடம் தருகிற தளம் ஒன்றில் அது ஏறியது.

வாப்பா கொட்டகைக்கு வந்து, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, திரைக்கு முன்னால் நின்றார். "இத மக்காவில இரிந்தும் பாக்கலாமா?" என்று கேட்டார். எங்கிருந்தும் பார்க்கலாம் என்றேன். பிறகு அவர் தேத்தண்ணிக் கடையில் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது: "எங்கட மகன் உலகத்துக்கே கடை தொறந்து வெச்சிரிக்கான்."

நாலு வருசம் அந்தக் கடைக்கு ஒருவரும் வரவில்லை. யாரும் வருவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. சண்டை நடந்தது, றோட்டெல்லாம் செக்பொயின்ட், மரம் வருவதே பெரும்பாடு. பின்பு யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. கட்டாரிலும் சவூதியிலும் நின்ற எங்கள் பொடியன்கள் தங்கச்சிமாருக்கு வீடு கட்டத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் மச்சானும் கட்டாரை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தோஹாவில் பெயர்ப்பலகை செய்கிற கடையொன்றில் நின்று, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே கணினியில் படம் கீறவும் இணையத்தளம் செய்யவும் பழகியிருந்தார். சான்றிதழ் ஒன்றும் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறு தின்கையில் அவர் பேச்சைத் தொடங்கினார்.

"மாமா, நம்மட வெப்சைட்ட ஒருக்கா புதுசாச் செஞ்சா நல்லம்."

நம்மட. அந்தச் சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது.

"என்னத்துக்கு மருமகன்? அதான் இரிக்கே," என்றார் வாப்பா.

"இரிக்கி மாமா. நல்ல கெமரா ஒண்டால எல்லாக் கதவையும் படம் எடுக்கணும். சொந்தப் பேரில இடம் எடுக்கணும். ஒரு கொம்பியூட்டரும் வேணும். வெளிநாட்டில இரிக்கிறவன் படத்தப் பாத்துத்தான் இப்ப ஓடர் குடுக்கான்."

அவ்வளவுக்கும் செலவாகும் காசு, வாப்பா பலகை சீவுகிற மெசின் வாங்க ஒதுக்கி வைத்திருந்த காசுக்குச் சரியாக வரும். மெசின் இல்லாததால் அவர் இன்னும் கையால் சீவிக்கொண்டிருந்தார். வலது தோள் இரண்டு வருசமாக வலித்தது. ஒன்று மெசின், அல்லது இது. இரண்டுக்கும் காசு இல்லை.

வாப்பா கையை நக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். பெறுமதியா இல்லையா எண்டு நீ சொல்லு மகன். அடுத்த வெள்ளிக்குள்ள சொன்னாக் காணும். நீ சொல்றதுதான்."

அந்தக் கிழமை முழுவதும் நான் சந்தோசமாக இருந்தேன். கெம்பசில் ஒப்படை எழுதுவதுபோல நாலு பக்கம் எழுதினேன். கதவு கையால் தட்டிப் பார்த்து வாங்குகிற பொருள். எங்கள் வாடிக்கையாளர்கள் வாய்ச்சொல்லால் வருகிறவர்கள். இருக்கிற தளமே போதும். சீவுகிற மெசின் நாளைக்கே வேலை செய்யும். எழுதியது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. வாப்பாவின் தோளைப் பற்றி எழுதுகையில் எனக்குக் கண் கலங்கியது. என் பொறாமைக்கு அவருடைய தோள் அவ்வளவு வசதியாகப் போயிற்று.

சாட்சி ஒன்று இருந்தால் இன்னும் பலமாக இருக்குமென்று தோன்றியது. என்னோடு படித்த தோழன் ஒருவன் தோஹாவில் களஞ்சியமொன்றில் எழுதுவினைஞனாக இருந்தான். தங்கச்சிக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தான். இதைவிடப் பொருத்தமான ஆள் யார்? அவன் வேலையில் இருந்த நேரம் அழைத்தேன். எங்கள் தளத்தைத் திறந்து, ஒரு வாடிக்கையாளனாக நினைத்துக்கொண்டு கருத்துச் சொல்லச் சொன்னேன். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"தொறந்திட்டன்டா. கதவு ரெண்டு தெரியிது. மேலயும் கீழயும் இங்கிலீசு."

"இங்கிலீசு நான் போடவே இல்லையே."

"எழுத்து இங்கிலீசு. ஆனா இங்கிலீசும் இல்ல. ஜின் புடிச்சவன் டைப் அடிச்ச மாதிரி இரிக்கி. வாசிக்கட்டா? ஈ. வை. மறுகா புள்ளிக்குக் கீழ வால் வெச்ச ஒண்டு. டீ. யூ. கடைசியில பெரிய டீ."

கைபேசி இடக்கையில் இருந்தது. வலக்கை விரல்கள் தொடைமேல் தாமாக அசைந்தன. ஈ, ந. வை, ல. வால் வைத்த புள்ளி, லகரத்துக்கு மேல் குத்து. டீ, வ. யூ, ர. பெரிய டீ, வு. நல்வரவு.

அந்தக் காலத்தில் நாங்கள் பழகிய தமிழ் எழுத்துரு அப்படிப்பட்டது. உள்ளுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை இருக்காது. கொட்டகைக் கணினிகளில் அது இருந்தது. கெம்பசில் இருந்தது. கல்முனையில் இணையம் பார்க்கப் போகிற கொமினிகேசன் கடையில் நானே போட்டு வைத்திருந்தேன். நான் போன இடமெல்லாம் என் தளம் அழகாகத் திறந்தது. நான் போகாத உலகம் முழுவதும் ஜின் பிடித்தவனின் கடையாக இருந்திருக்கிறது.

"டேய், இரிக்கியா?" என்றான் தோழன். "கோவிக்காத. இத நான் முந்தியும் ஒருக்கா தொறந்த. தங்கச்சிர வீட்டுக் கதவுக்கு ஒங்கட வாப்பாட்டக் குடுப்பம் எண்டுதான் தேடின. இதப் பாத்திட்டு வைரஸ் எண்டு பயந்து மூடிட்டன். மறுகா காத்தான்குடியில ஓடர் குடுத்தாச்சி."

அன்று பின்னேரமே கெம்பஸ் கணினி அறையில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற முறை வந்துவிட்டது என்றார். அந்த முறையில் திரும்பத் தட்டினால் போதும். எனக்குப் போன உயிர் வந்தது. செலவில்லை, கெமராவும் தேவையில்லை. இரண்டு பின்னேரத்தில் நானே சரிசெய்துவிடலாம். மச்சான் இதற்குள் வரவே வேண்டியதில்லை. என் நாலு பக்கத்தின் கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன்: "சிறு திருத்தம் மட்டும் போதுமானது."

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் சாதாரணமாகச் சொன்னேன், "வெப்சைட்டில சின்னப் பிழை ஒண்டு. நானே திருத்திருவன்."

ராத்தா பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். "அந்த எழுத்து மாறித் தெரியிறதா?" என்றார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் நாக்கைக் கடித்தார். பிறகு மறைக்க முடியாமல் சொன்னார். "மச்சான் அங்க இரிக்கக்குள்ளயே பாத்தவராம். கல்யாணம் பேசின நேரம். தம்பிக்குச் சொல்லாதீங்க, அவன் மனம் ஒடஞ்சி போவான், புதுசாச் செய்யிற நேரம் அதுபாட்டில சரியாயிரும் எண்டார். நீ கேட்டதாக் காட்டிக்காத, என்ன?"

நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். அவர் என்னை ஏளனம் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலும் சொல்லி அவர் என்னை விழுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. மீன்துண்டு, வீடு, வாப்பாவின் காது எல்லாம் அவரிடம் இருந்தன. இப்போது பெருந்தன்மையும் அவரிடம்தான். எனக்கென்று அவர் எதை விட்டு வைத்திருக்கிறார் என்று தேடினேன். நான் எழுதிய நாலு பக்கம் மட்டும் இருந்தது. அதைத் திரும்பவும் வாசித்தேன். எந்த வரி உண்மையாகக் கடைக்காக எழுதியது, எந்த வரி மச்சானுக்கு எதிராக எழுதியது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வாப்பா கேட்டார். நான் தாள்களை எடுக்கவில்லை.

"புதுசாச் செய்யலாம் வாப்பா. பெறுமதி."

"அப்ப பழசு?"

"நாலு வருசமா அத வெளியில ஒருத்தரும் வாசிக்கல்ல. எழுத்து மாறித் தெரிஞ்சிரிக்கி. என்ட பிழை. ஒரு ஓடரும் அதால போயிட்டு."

மச்சான் இடையில் புகுந்தார். "அது தம்பிர பிழை இல்ல மாமா. அந்தக் காலத்தில எல்லார்ர தளமும் அப்பிடித்தான் கிடந்த."

அது உண்மைதான். அந்த உண்மையை அவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நாலு வருசமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே," என்றார் வாப்பா. கோபமாக இல்லை, வெட்கப்பட்டுச் சிரித்தார். அதைவிட எனக்கு அடி விழுந்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு தோளைத் தடவிக்கொண்டு, "மெசின் வாற வருசம் பாப்பம்," என்றார்.

மச்சான் ஒரு மாதம் உழைத்தார். கதவுகளை வெளியே தூக்கி, வெயில் சரிந்த நேரம் பார்த்துப் படமெடுத்தார். வாப்பாவின் கை செதுக்கிய பூவேலை அவ்வளவு வடிவானது என்று அந்தப் படங்களில்தான் எனக்கே தெரிந்தது. தமிழை அவரே தட்டிவிட்டு, "தம்பி, ஒருக்கா எழுத்துப் பாத்துத் தாங்க," என்றார். பார்த்துக் கொடுத்தேன். பிழைகள் நிறைய. எல்லாவற்றையும் திருத்தினேன், ஒன்றைத் தவிர. பக்கத்தின் உச்சியில் "கதவுகல்" என்று கிடந்தது. கண்டும் விட்டேன். யாராவது படித்தவன் பார்த்துச் சிரிக்கட்டும், அப்போது என்னைத் தேடட்டும் என்று விட்டேன்.

தளம் ஏறிய பத்தாம் நாள் ரியாத்திலிருந்து ஒருவர் அழைத்தார். அக்கரைப்பற்றுக்காரர். இரண்டு தங்கச்சிமாருக்கு இரண்டு வீடு, எல்லா நிலையும் கதவும் வேண்டுமாம். வாப்பா கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஓம் தம்பி, ஓம், அந்தப் பூப்போட்டதுதானே... இரிங்க, என்ட மருமகன்ட குடுக்கன்," என்றார்.

அழைத்தவர் எழுத்துப் பிழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கண்டிருக்கவே மாட்டார். உச்சியில் பிழையோடு கிடந்த பக்கம் பத்தே நாளில் கொண்டு வந்ததை, பிழையே இல்லாமல் நான் எழுதிய பக்கம் நாலு வருசத்தில் கொண்டு வரவில்லை.

அன்று பின்னேரம் கொமினிகேசன் கடைக்குப் போய் லகரத்தை எடுத்துவிட்டு ளகரத்தைப் போட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கண்டிருப்பாரோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.