கதவுக்கு அந்தப் பக்கம் சுண்டு

என் மாமா மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடர். முப்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனிதர்களோடு மட்டும் பேச்சு கம்மி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மீட்டர் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து வளர்த்தார். நான் பார்க்கும்போது அது பதினொரு வயதுக் கிழவர். சாம்பல் நிறம், கனத்த தலை. மாமா எழுத உட்கார்ந்தால் காகிதத்தின் மேல் ஏறி அமர்ந்து, தன்னைக் கேட்காமல் எதுவும் நகரக்கூடாது என்பதுபோல் பார்க்கும். அதனால் ஆபீசர் என்று பெயர்.

அப்பா இறந்த மறுவருடம், நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வேறு இடம் தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது மாமா வந்தார். முன்னறையைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அம்மா குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுபவள். அங்கே வெட்டுத்துணி மூட்டைக்குள் கிடைத்த ஒரு குட்டியை அப்போது வளர்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நீளத்துக்கு வால், அதனால் சுண்டு. அதைப் பற்றி அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. சாமான்களோடு கூடையையும் இறக்கி வைத்ததும் சுண்டு தலையை நீட்டியது. ஆபீசர் முதுகை வில்லாக வளைத்து, வால் உப்ப, பூனை போடும் என்று நான் நினைத்திராத ஒரு சத்தம் போட்டது. பிரித்துவிடப் போன மாமாவின் கையில் நாலு கீறல்.

மாமா நேரே கால்நடை மருத்துவரிடம் போனார். பத்து நாளைக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்றார் மருத்துவர். நடுக்கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்க வேண்டும். அது படுத்த துணியை இதற்கும், இது படுத்ததை அதற்கும் மாற்றிப் போட வேண்டும். வாசனை பழகினால் ஆளும் பழகிவிடும்.

அப்படியே செய்தோம். முன்னறையில் அம்மாவும் சுண்டுவும், உள்ளே மாமாவும் ஆபீசரும். காலை ஏழு, மாலை ஏழு. மாமா பக்கத்தில் உட்காராவிட்டால் ஆபீசர் தட்டைத் தொடாது. அம்மா எழுந்தால் சுண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். ஆகவே அண்ணனும் தங்கையும் கதவின் இருபக்கமும் தரையில் சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று. படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த நான் அங்கும் இங்குமாக இருந்தேன்.

முதல் மூன்று நாள், “வச்சுட்டியா?”, “வச்சுட்டேன்.” அதோடு சரி. நாலாம் நாள் மாமா, தாங்கள் இருவரும் சேர்ந்து உடைத்த ஒரு சைக்கிளைப் பற்றி ஆரம்பித்தார். மறுநாள் தாத்தாவின் முன்கோபம், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். நேரில் பார்த்தால் தண்ணி வந்துச்சா, உப்பு இருக்கா என்பதோடு நின்றுவிடுகிறவர்கள், தட்டு காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் நான் மாமா பக்கம் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

“அண்ணா, என் கல்யாணத்தன்னைக்கு நீ எங்க இருந்த?”

அம்மா வீட்டாரை எதிர்த்துப் பதிவு அலுவலகத்தில் அப்பாவை மணந்தவள். அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் பிறந்த பிறகு மாமா வந்து போக ஆரம்பித்தாலும், அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

மாமா ஆபீசரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எதிர்ல இருந்தேன்.”

“எதுக்கு எதிர்ல?”

“ரிஜிஸ்டர் ஆபீசுக்கு. அன்னைக்கு எனக்கு அந்தத் தெருதான். நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்ததப் பார்த்தேன். நீல கலர் உடுத்தியிருந்த.”

“பச்சை.”

“எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது.”

“உள்ள வந்திருக்கலாம்ல?”

“யூனிஃபார்ம்ல இருந்தேன்,” என்றார் மாமா. பிறகு, “அன்னைக்குத் தெரு முழுக்க ரீடிங்கைத் தப்பா எழுதிட்டேன். மறுநாள் திரும்பப் போய் எழுதினேன்.”

அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. சுண்டு சாப்பிட்டுவிட்டது என்றாள். மாமா எழுந்து கதவில் கையை வைத்தபடி நின்றார். திறந்துவிடுவார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. மருத்துவர் பத்து நாள் என்றிருந்தார். மாமாவுக்குப் பத்து என்றால் பத்துதான்.

பதினோராம் நாள் திறந்தோம். ஆபீசர் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரே ஒரு அறை கொடுத்தது. சுண்டு உருண்டு எழுந்தது. ஆபீசர் ஃபிரிட்ஜின் மேல் ஏறி, அன்று முழுக்க இறங்கவே இல்லை.

எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. அம்மாவும் மாமாவும் அந்த வீட்டில் ஒன்பது வருடம் சேர்ந்து இருந்தார்கள். ரேடியோவின் சத்தத்துக்காகத் தினமும் சண்டை. ஆனால் அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முதல் குளிர்காலம்தான். யாருக்கும் ஃபோன் செய்தறியாத மாமா ஒரு நாள் என் ஆபீசுக்கே கூப்பிட்டார். பதறிப்போய் எடுத்தேன்.

“ரெண்டும் ஒரே மெத்தையில படுத்திருக்கு,” என்றார். “அவ்வளவுதான்.”

அம்மா ஃபோனை வாங்கி, எல்லாம் குளிருக்குத்தான் என்றாள். அதுவும் முதுகோடு முதுகாம், மூஞ்சியை இன்னும் பார்த்துக்கொள்ளவில்லையாம். எனக்கு உடனே போக வேண்டும்போல் இருந்தது. லீவு சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் ஜன்னலிலும் சுண்டு அலமாரி மேலும் தனித்தனியே உட்கார்ந்திருந்தன. மாமா வாங்கிக்கொண்ட என் பையைக் கீழே வைக்கவே மறந்து நின்றார்.

“காலைல வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்துச்சும்மா,” என்றார்.