கஞ்சி ஊட்டப் பழக்குகிறவள்

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, வாயை இறுக மூடிக்கொள்கிறாள் ஜெயந்தினி. எதிரே கரண்டியும் கையுமாகப் பக்கத்துக் காம்பரா வீரம்மா. "மொதல்ல தலைய நிமித்துங்கக்கா. நாடி கீழ பாக்கணும். ம்... இப்ப அரைக் கரண்டி" என்று பல்லிடுக்கிலிருந்தே உத்தரவு வருகிறது. கஞ்சி உள்ளே போனதும் வேண்டுமென்றே இருமுகிறாள். வீரம்மா பதறிக் கரண்டியைப் போட்டுவிடுகிறாள். "போச்சு! இந்நேரத்துக்கு எம்புள்ள செத்துருக்கும்!" என்கிறாள் ஜெயந்தினி.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில், முப்பத்தைந்து வயதில் தினமும் இப்படிக் குழந்தையாகிறவள் இவள் ஒருத்திதான். நிஜக் குழந்தை சுலக்ஷனாவுக்கு எட்டு வயது. தலையணைகளுக்கு நடுவே அமர்ந்து அம்மாவின் கூத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைகாலும் கழுத்தும் சொன்னபடி கேட்பதில்லை. விழுங்குவதும் அப்படித்தான்.

ஒருமுறை ஜெயந்தினி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ பாசத்தில் ஊட்டிய ஒரு வாய் சோறு புரைக்கேறி, பிள்ளையின் உதடு நீலம் பாரித்துப்போனது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாயைப் பிடித்த பயம்தான் விடவேயில்லை. அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். வேறு யாரையும் ஊட்ட விட்டதில்லை.

இப்போது அவளுக்கே கர்ப்பப்பையில் கட்டி. திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். லீவு கேட்டால் வேலை போய்விடும். அதனால்தான் ஆள் சேர்க்கிறாள். ஊட்டுவதற்கு வீரம்மா. வீரம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில், பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மா. ஆத்திர அவசரத்துக்கு ஆட்டோக்காரன் தர்ஷன். தர்ஷனை அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வைத்தாள். "கழுத்து! கழுத்த புடிங்க தம்பி!" மூட்டைக்கு ஏது கழுத்து? பாவம், முடிச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

ஆனால் பாடத்தோடு அவளுடைய பயமும் அவர்களைத் தொற்றிக்கொண்டது. நீலம் பாரித்த அந்த உதட்டை ஒவ்வொருவருக்கும் அவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டியிருந்தாள். "எனக்கு நெஞ்சு படபடங்குதும்மா" என்று மீனம்மா முதலில் நழுவினாள். தர்ஷனுக்குத் திடீரென்று தூரத்து நோட்டன் பிரிட்ஜ் பக்கமே ஓட்டங்கள் கிடைக்கத் தொடங்கின. மிஞ்சிய வீரம்மாவும் வெள்ளிக்கிழமை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தா பாரு தங்கச்சி, புள்ளைய பாத்து எனக்கு பயமில்ல. ஒன்னய பாத்தாத்தான் கை நடுங்குது. நீ வாசல்ல போயி உக்காரு. நான் புள்ளைக்கே குடுத்துப் பாக்குறேன்."

திங்கட்கிழமை ஜெயந்தினி வாசலில்கூட இருக்கப்போவதில்லை. போய் உட்கார்ந்தாள்.

உள்ளே கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். ஒரு வாய். இன்னொரு வாய். அப்புறம் இருமல். ஜெயந்தினி பாதி எழுந்துவிட்டாள். "குனிஞ்சுக்க சாமி... துப்பிரு... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வீரம்மாவின் குரல் கேட்டது. இருமல் நிற்கவில்லை.

ஜெயந்தினி மறுபடி உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே அழுத்தி அமர்ந்துகொண்டாள்.