அம்மா இரும்புக் குண்டு எறிந்த நாள்

நான் மூன்றாம் வகுப்புக்குப் போன அதே ஜூன் மாதத்தில் என் அம்மா கல்லூரிக்குப் போனாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்து வருடம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், சேலத்துக்கு வெளியே ஏற்காடு போகும் சாலையில் கன்னியாஸ்திரீகள் பெண்களுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அப்பாவுக்கு மேட்டூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து திங்கள் காலை போய்விடுவார். ஒரு சனிக்கிழமை அம்மா அவர் முன்னால் விண்ணப்பத் தாளை வைத்தாள். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “கல்யாணமானவங்களச் சேத்துக்குவாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா அதையும் விசாரித்து வைத்திருந்தாள். கல்லூரித் தலைவியான மதரிடம் நேரிலேயே போய்க் கேட்டிருக்கிறாள். மதர் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்து, “கூடாதுன்னு எங்கேயும் எழுதலியே” என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாராம்.

கல்லூரி என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் விட்டுப்போன பங்களா அது. சாப்பாட்டு அறை நூலகம் ஆயிற்று. குதிரை லாயம் வேதியியல் ஆய்வுக்கூடம்; மழை பெய்தால் அங்கே குதிரை வாசம் அடிக்கும் என்று அம்மா சொல்வாள். மொத்த மாணவிகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். வரலாறு நடத்திய சிஸ்டரே ஆங்கிலமும் நடத்தினார், மணியும் அடித்தார். ஆனால் அங்கிருந்த ஆறேழு சிஸ்டர்கள் பாடம் சொன்ன விதத்தில், அந்தப் பெண்கள் மலையடிவாரத்துச் செடிகளின் பெயர்களையெல்லாம் லத்தீனில் ஒப்பித்துக்கொண்டு திரிந்தார்கள். அம்மா எடுத்தது தர்க்கம். அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

என் பள்ளிக்கூடமும் அதே காம்பவுண்டில்தான். கல்லூரி முன்னதாகவே தொடங்கிவிடும் என்பதால் அம்மா முதலில் போய்விடுவாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் மதியச் சோறு கொண்டுவந்து வாசலில் நிற்கும்போது என் அம்மா மட்டும் பங்களாவுக்குள் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அதை நான் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வயதில் அது எனக்குப் பெரிய அவமானமாகத் தெரிந்தது.

இத்தனை சின்னக் கல்லூரிக்கு மதர் வைத்திருந்த ஆசை பெரியது. கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியை எங்கள் மைதானத்திலேயே நடத்துவதாகக் கேட்டு வாங்கிவிட்டார். மைதானம் என்று ஒன்று அப்போது இல்லை. கருவேல முள்ளும் பாறைத் துண்டுமாய்க் கிடந்த நிலத்தை, வகுப்பு முடிந்ததும் மாணவிகளே மண்வெட்டியும் சட்டியுமாக இறங்கிச் சமன் செய்தார்கள். மதரும் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மண் சுமந்தார்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. பெண்கள் சிலர் இரும்புக் குண்டு எறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு குண்டு உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நின்றது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணையத்துக் குடும்பத்தில் பிறந்து, கிணற்றில் தண்ணீர் சேந்தி வளர்ந்தவள் அவள். புத்தகத்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு, குண்டை வலது கையால் எடுத்து அவர்களிடமே திருப்பி எறிந்தாள். அது அவர்கள் தலைக்கு மேலாகப் போய் விழுந்தது.

விளையாட்டு டீச்சர் ஓடிப்போய் மதரை அழைத்து வந்தார். போட்டிக்கு அம்மாவின் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் மதர்.

“எனக்கு எட்டு வயசுல புள்ள இருக்குதுங்க மதர்” என்றாள் அம்மா.

“புள்ள இருந்தா கை இல்லாமப் போயிருமா?” என்றார் மதர்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. கை தட்டுவதற்கு ஆள் வேண்டுமென்று பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனார்கள். ஓட்டம் நடக்கும் பக்கம் விருந்தினர்களுக்கு. எங்களுக்குக் கிடைத்தது குண்டு எறியும் மூலை. சுண்ணாம்பு வட்டத்துக்குப் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த டாக்டர் வீட்டுப் பெண். அவளோடு சிநேகமாக இருப்பது எங்கள் வகுப்பில் ஒரு கௌரவம்.

மற்றக் கல்லூரிப் பெண்கள் வெள்ளைப் பாவாடையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக வந்தார்கள். அம்மா மட்டும் வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகி, தாலியை ரவிக்கைக்குள் போட்டு ஊக்கால் குத்தி, வெறுங்காலோடு வந்து நின்றாள். காம்பவுண்டுச் சுவர்மேல் டவுனிலிருந்து வந்த பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“அக்கா, ஊட்டுல சோறு வெந்துருச்சான்னு பாத்துட்டு வாங்க!” என்று ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்தது. எங்கள் வரிசையும் சிரித்தது.

டாக்டர் வீட்டுப் பெண் என் தோளை இடித்தாள். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது எங்களைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. “ஏய், அது உங்கம்மா மாதிரி இல்ல?”

“இல்ல. எங்கம்மா மேட்டூரு போயிருக்குது. இது ஆருன்னே எனக்குத் தெரியாது” என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அம்மா எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

முதல் முறை அவள் கால் வட்டத்தைத் தாண்டிவிட்டது. சிவப்புக் கொடி காட்டினார்கள். இரண்டாவது முறை குண்டு கையிலிருந்து நழுவி அருகிலேயே விழுந்தது. சுவர்மேல் மறுபடி சிரிப்பு. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தரையில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அம்மா உடனே எறியவில்லை. குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டாள். குண்டைக் கழுத்தோடு அணைத்து, ஒரு காலை ஊன்றி, கிணற்று மேட்டில் நிறைகுடத்தைத் தூக்குகிறவள் மாதிரி ஒரு எழும்பு எழும்பினாள். குண்டு அதுவரை விழுந்த எல்லாத் தடங்களையும் தாண்டி விழுந்தது. அளந்தவர்கள் நம்பாமல் நாடாவை இன்னொரு முறை இழுத்துப் பிடித்து அளந்தார்கள். சுவர்மேலிருந்து ஒரு விசில் வந்தது. இந்த முறை அது கேலி விசில் இல்லை. மதர் முக்காடு நழுவுவது தெரியாமல் ஓடி வந்தார். ஒரு பஸ் நிறையக்கூட ஆள் இல்லாத கல்லூரிக்கு அன்று கிடைத்த ஒரே முதல் பரிசு அது.

பரிசு கொடுத்து முடிந்ததும் பிள்ளைகள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். டாக்டர் வீட்டுப் பெண் என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மா கோப்பையை ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்து, பெயர் கேட்டு, தட்டிக்கொடுத்தாள். என் முறை வந்தது.

அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தாள். “நீ ஆரூட்டுப் பொண்ணு சாமி?” என்றாள்.

நான் என் பெயரைச் சொன்னேன்.

“நல்ல பேரு. நல்லாப் படி சாமி” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

தப்பித்தோம் என்று முதலில் மூச்சு வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் கோபமாகவும் இருந்தது. அத்தனை கல்லூரிப் பெண்களுக்கு நடுவே, தனக்கு இவ்வளவு பெரிய பிள்ளை இருப்பதைக் காட்டிக்கொள்ள அம்மாவுக்கு வெட்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். நான் வீட்டுக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். எப்போதும் போலச் சோறு போட்டாள். போட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் அப்பா வந்தார். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை மடியில் இழுத்துக்கொண்டார். “நீ பாத்தியா கண்ணு? அம்மா எறிஞ்சப்போ நீ என்ன பண்ணுன?”

அடுப்படியிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள்.

“கை தட்டுனாளுங்க. அத்தன கூட்டத்துலயும் இவ கை சத்தந்தான் எனக்குக் கேட்டுது.”

அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். அவ்வளவு கூட்டத்தில் அம்மா வேறு யாரோ ஒரு பிள்ளையை நான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணி, நான் சும்மா இருந்துவிட்டேன்.